பிஷப் ஐயா கையசைத்த ஞாயிறு

வாங்க அண்ணாச்சி, வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. அந்த வயரை மட்டும் மிதிச்சிராதிய, அது உருவிட்டுன்னா பீடத்து மைக் செத்துப்போகும். ஆராதனைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் கெடக்கு. நிதானமாப் பேசலாம். உங்க பாஸ்டர் நேத்தே போன்ல சொல்லிட்டாங்க, எங்க செயலாளர் வாராரு, உங்க ஏற்பாட்டை ஒருக்கப் பாத்துட்டு வரட்டும், எங்க கோயில்லயும் வைக்கணும்னு. சந்தோஷம். நல்ல காரியத்தை நாலு சபையில செய்யட்டும்.

வாசல் பெஞ்சுல ரெண்டு பேரு உங்கள நிறுத்தி ஏதோ பேசினாங்களே, நான் இங்க இருந்தே பார்த்தேன். என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியும். பரவால்ல. நானே சொல்லிருதேன். ஊர்வாயில அரைகுறையாக் கேக்கதைவிட, செஞ்சவன் வாயாலேயே கேட்டுட்டுப் போங்க. செஞ்சவன்னா, இந்த ஏற்பாட்டைச் செஞ்சவன்.

என் பேரு கோயில்பிள்ளை. டெலிபோன் இலாகாவுல முப்பத்திநாலு வருஷம் சர்வீஸ். ஒயருன்னா என்ன, சத்தம்னா என்ன, லைன்ல இரைச்சல் எங்க இருந்து வருதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ரிட்டயர் ஆனபிறகு எல்லாரும் தோட்டம் போடுவான், நான் ஆண்டவருக்குன்னு இறங்கிட்டேன். ஏழு வருஷமா சேகரச் செயலாளர்.

எங்க சேகரத்துல அஞ்சு கோயில், ஒரே பாஸ்டர். இந்த ஆனந்தவிளையில மட்டும் படுக்கையில கிடக்கிறவங்க பதினோரு பேரு. முன்னால என்ன வழக்கம்? மாசத்துல ரெண்டாம் ஞாயிறு ஆராதனை முடிஞ்ச கையோட பாஸ்டர், அவருக்கு ஒத்தாசையா உபதேசியார், பெண்கள் ஐக்கியத்துல ரெண்டு பேரு, வீடு வீடாப் போய் திருவிருந்து கொடுத்துட்டு வருவாங்க. நான் ஒரு நாள் கூடவே போய் வாட்சைப் பார்த்தேன். ஒரு வீட்டுல இருபது நிமிஷம், ஒரு வீட்டுல நாப்பது நிமிஷம். ஜெபம் அஞ்சு நிமிஷம்தான் அண்ணாச்சி. மிச்சம் பூரா பேச்சு. இந்தப் பக்கம் வலிக்கு, மருமக மூஞ்சியத் திருப்புதா, பூனை கட்டிலுக்கு அடியில குட்டி போட்டிருக்கு. பாஸ்டர் கையைப் பிடிச்சா விடமாட்டாங்க. பாவம் மனுஷன், வீட்டுக்குச் சாப்பிடப் போக மூணரை மணி. நான் கமிட்டியில எந்திரிச்சுச் சொன்னேன், இது ஊழியம் இல்ல, கால விரயம்னு.

அப்படிப் பிறந்ததுதான் இது. ‘இல்லத்தில் ஆலயம்’. பேரு நான் வச்சதுதான். நல்லாருக்கா?

பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு டேப், பெரிய போன் மாதிரி இருக்குமே, அது. நம்ம ஊரு பிள்ளைக வெளிநாட்டுல இருக்காங்கல்லா, அவங்க வாங்கிக் கொடுத்தது. கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டாண்டு. ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுல உள்ளவங்க ஒரு பொத்தானை அமுக்கிட்டுக் கோயிலுக்கு வந்துட்டா போதும். அங்க அவங்களுக்கு ஆராதனை தெரியும். இங்க இந்தச் சுவத்துல அவங்க பதினோரு பேரு முகமும் தெரியும், கட்டம் கட்டமா. அப்பமும் ரசமும் சனிக்கிழமையே சின்ன டப்பாவுல வீட்டுக்குப் போயிரும். பாஸ்டர் இங்க ஜெபிச்ச உடனே அவங்க அங்க எடுத்துக்கிடலாம். யாரும் யார் வீட்டுக்கும் அலைய வேண்டாம். டேப்புக்குப் பின்னால என் நம்பரை ஒட்டியிருக்கேன், பெரிய எழுத்துல, ‘உதவிக்கு: கோயில்பிள்ளை’ன்னு. அதுவும் நான் யோசிச்சதுதான்.

முதல் மாசமே எல்லாரும் பழகிட்டாங்க. நவமணி மேட்ரன் ஒருத்தியைத் தவிர.

ஒருத்தின்னு சொல்லக்கூடாது. வயசுல எனக்கு மூத்தவங்க. மிஷன் பெண்கள் ஹாஸ்டல்ல மேட்ரனா இருந்தவங்க, கல்யாணம் கட்டல. குரல் இருக்கே அண்ணாச்சி, அந்தக் காலத்துல சமையக்கட்டுல நின்னு கூப்பிட்டா மாடியில படிக்கிற பிள்ளைக அத்தனையும் எந்திரிச்சு நிக்குமாம். போன வருஷம் குளியலறையில விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. ஆபரேஷன். அதுக்கு முன்னாலேயே இருதயக் கோளாறு, ரத்தம் கட்டியாகாம இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. தங்கச்சி கனியம்மாள் கூட இருந்து பாத்துக்கிட்டா. அவ விதவை. அக்காவும் தங்கச்சியும் மட்டும்தான் வீடு.

மேட்ரனுக்கு இந்த டேப் பிடிக்கல. நான் கொண்டு வைக்கும்போதே கேட்டாங்க, “கோயில்பிள்ளை, அப்போ இனிமே பாஸ்டர் வரமாட்டாரா?”ன்னு.

நான் சொன்னேன், “வாராரு மேட்ரன், வாராவாரம் வாராரு. முன்னால மாசம் ஒருதடவதான வந்தாரு?”

“இதுக்குள்ளயா?”ன்னாங்க. அவ்வளவுதான். பெறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க.

சரி, வயசானவங்க. ஆனா அவங்களால எனக்கு வாராவாரம் ஒரு தலைவலி. மைக்கை எப்படித்தான் திறப்பாங்களோ தெரியாது. பாஸ்டர் நாட்டுக்காக, மழைக்காக ஜெபிச்சுக்கிட்டு இருக்காரு, கோயிலே நிசப்தமா இருக்கு, அப்போ இந்த ஸ்பீக்கர்ல இடி மாதிரி, “கனீ! கேஸை அணைச்சியா?” சின்னப் பிள்ளைக சிரிச்சு உருளுது. பாஸ்டரே சிரிச்சிட்டாங்க. எனக்கு எப்படி இருக்கும்? நான் கனியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அக்காவைக் கொஞ்சம் அடக்கமா இருக்கச் சொல்லுன்னு. “அவளுக்குப் பேச ஆளில்ல சார், அதான்”ன்னா. பேச ஆளில்லன்னா ஆராதனையிலயா பேசுறது?

இப்போ விஷயத்துக்கு வாரேன்.

இந்த ஏற்பாடு பிஷப் ஐயா காதுக்குப் போயிட்டு. பிள்ளைகளுக்கு முதல் திருவிருந்து கொடுக்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு வரும்போது நானே பாக்கணும், அந்தப் படுக்கையில இருக்கிற மக்களோட ரெண்டு வார்த்தை பேசணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. பிஷப் ஐயா! நம்ம கோயிலுக்கு அவங்க வந்து எட்டு வருஷம் ஆச்சு. எனக்கு மூணு நாளா சாப்பாடு இறங்கல.

சனிக்கிழமை பதினோரு வீட்டுக்கும் நானே நேர்ல போனேன். வெளிச்சம் பார்த்தேன், பின்னால தொங்கிற துணியை எடுக்கச் சொன்னேன், சுவத்துல ஒரு வசனப் படம் மாட்டச் சொன்னேன். மேட்ரன் வீட்டுல அவங்க படுத்திருந்த கோலம் எனக்குத் திருப்தியா இல்ல. தலை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். கனியைக் கூப்பிட்டு, “நாளைக்கு அக்காவை நாற்காலியில உக்கார வச்சிரு. நல்ல சேலையாக் கட்டி விடு”ன்னேன்.

“டாக்டர் இன்னும் ஒரு மாசத்துக்கு ரொம்ப நேரம் உக்கார வைக்கக் கூடாதுன்னிருக்காரு சார். கூட ஆள் நிக்காம உக்கார வைக்கவே கூடாதுன்னிருக்காரு.”

“ஒரு ரெண்டு மணி நேரம் கனி. ஹாஸ்டலை ஆண்ட மேட்ரன் பிஷப் ஐயா முன்னால இப்படியா கிடக்கிறது?”

“அப்போ நான் கூட இருந்துக்கிடுதேன். கோயிலுக்கு வரல.”

அது எப்படி முடியும் சொல்லுங்க. பிஷப் ஐயாவுக்கு மதியச் சாப்பாடு பரிமாறப் பெண்கள் ஐக்கியத்துல ஆறு பேரு போட்டிருக்கு, அதுல கனி ஒருத்தி. மீன் குழம்பே அவ பொறுப்பு. நான் அதைச் சொன்னேன். கட்டில்ல இருந்து மேட்ரனே, “போடி, நான் உக்காந்துக்கிடுவேன். என்ன, பச்சைப் பிள்ளையா?”ன்னாங்க. அவங்களே சொன்னது அண்ணாச்சி. கமிட்டியிலயும் நான் இதைத்தான் சொன்னேன். அவங்களே சொன்னது.

ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு ஆராதனை. ஊரே கோயில்லதான். திடப்படுத்தல் எடுக்கிற பிள்ளைக முப்பத்தெட்டு, வெள்ளையும் சொள்ளையுமா. சுவத்துல பதினோரு முகமும் பளிச்சுன்னு. பத்து மணிக்குப் பிஷப் ஐயா பீடத்துல இருந்து இறங்கி, இந்தா இந்த இடத்துல நின்னு, சுவத்தைப் பார்த்து ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசுதாங்க. நான் எல்லார் மைக்கையும் திறந்து விட்டிருக்கேன். சொன்னா நம்பமாட்டிய, எங்க பாஸ்டர் கண்ணுல தண்ணி.

மேட்ரன் முறை வந்துது. கத்திரிப்பூ கலர்ல பட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி, நிமிந்து உக்காந்திருக்காங்க. பிஷப் ஐயா, “அம்மா, எப்படி இருக்கீங்க?”ன்னு கேட்டாங்க.

“இருக்கேன் ஐயா. நாற்காலிதான் வழுக்குது”ன்னாங்க மேட்ரன்.

கோயிலே சிரிச்சுது. பிஷப் ஐயாவும் சிரிச்சு, “கர்த்தர் தாங்குவார்மா”ன்னாங்க. எவ்வளவு பொருத்தமான பதில் பாருங்க. பெரியவங்க பெரியவங்கதான்.

பெறகு பிஷப் ஐயா பிரசங்கத்தை ஆரம்பிச்சாங்க. நான் உடனே வீட்டுல இருக்கிற பதினோரு பேரு சத்தமும் கோயில் ஸ்பீக்கருக்குப் போகாம அடைச்சிட்டேன். என் காதுல இருக்கிற இந்த ஹெட்போன்ல மட்டும்தான் கேக்கும். ஆனா பதிவு ஓடிக்கிட்டு இருக்கு. பிஷப் ஐயா பிரசங்கம், உலகம் பூரா பாக்கப் போவுது. அதுல ஒரு இருமல்கூட விழக்கூடாது.

பத்தே காலு இருக்கும். ஹெட்போன்ல டொம்முன்னு ஒரு சத்தம். பெறகு “கனி”ன்னு. மறுபடி “கனி”ன்னு. நான் நினைச்சேன், ஆரம்பிச்சிட்டாங்கடா, கேஸை அணைச்சியான்னு கேக்கப் போறாங்கன்னு. நீங்க இருந்தா என்ன நினைச்சிருப்பிய? நீங்களும் அதான நினைச்சிருப்பிய?

கட்டத்தைப் பார்த்தேன். நாற்காலி மட்டும் இருந்துது. சாஞ்சு கிடந்துது.

சரி, எந்திரிச்சுப் போயிட்டாங்க போலன்னு நினைச்சேன். இடுப்பெலும்பு முறிஞ்சவங்க எந்திரிச்சு எங்க போவாங்கன்னு கமிட்டியில ஒருத்தன் கேட்டான். அது இப்போ கேக்கலாம். அந்த நேரத்துல பிஷப் ஐயா பேசிக்கிட்டு இருக்காங்க, நான் நாலு கேமராவை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு மனுஷனுக்கு ரெண்டு கண்ணுதான்.

அப்போதான் மத்தவங்க ஆரம்பிச்சாங்க. படுக்கையில கிடக்கிற பத்துப் பேருக்கும் அது கேக்குதுல்லா. அவங்களுக்குள்ள எல்லாருக்கும் எல்லார் சத்தமும் கேக்கும். ஒருத்தர், “மேட்ரன், என்னாச்சு”ங்காரு. ஒரு அம்மா, “யாராவது போங்களேன், யாராவது போங்களேன்”னு அழுதாங்க. பர்னபாஸ்னு ஒருத்தரு, ராணுவத்துல ஹவில்தாரா இருந்தவரு, பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு, பேச்சும் குழறும். அவரு ஓன்னு கத்துதாரு. ஹெட்போனுக்குள்ள சந்தைக்கடை. பதிவு நாசமாப் போவுது. என்ன செய்வேன்? இந்தா, இங்க இருக்கு பாருங்க, ‘எல்லாரையும் மியூட்’. இதை அமுக்கினேன்.

அமைதி. அப்படி ஒரு அமைதி அண்ணாச்சி. பிஷப் ஐயா குரல் மட்டும்.

சுவத்துல ஒரு கட்டத்துல சாஞ்ச நாற்காலி தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்லா, மேட்ரன் வீட்டுக் கேமராவையும் இங்க இருந்தே நிறுத்திட்டேன். கறுப்புக் கட்டம், அதுல அவங்க பேரு. அவ்வளவுதான்.

பர்னபாஸ் விடல. சத்தம் போகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டாரு போல. இடது கையைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால ஆட்ட ஆரம்பிச்சாரு. அவரு ஆட்டவும் அந்த அழுத அம்மா ஆட்டினாங்க. பெறகு இன்னொருத்தர். ஒவ்வொருத்தரா, முடிஞ்ச கையைத் தூக்கி, பத்துப் பேரும் ஆட்டுதாங்க. பிஷப் ஐயா திரும்பிச் சுவத்தைப் பார்த்தாங்க. பிரசங்கத்தை நிறுத்திட்டாங்க. “பாருங்கள், படுக்கையில் இருக்கும் நம் பிள்ளைகள் நமக்குக் கையசைக்கிறார்கள். நாமும் அசைப்போமா?”ன்னு சொல்லி, கையைத் தூக்கி ஆட்டினாங்க.

நானூறு பேரு எந்திரிச்சுக் கையாட்டினோம் அண்ணாச்சி. நானும்தான். முன்வரிசையில பெண்கள் ஐக்கியம், கனி ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுதா. சுவத்துல பர்னபாஸ் அழுதாரு. கண்ணீர் வழிஞ்சு ஓடுது. பிஷப் ஐயா, “ஆனந்தக் கண்ணீர்”ன்னாங்க. கோயிலே கைதட்டிச்சு. இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். பெறகு அவரு டேப்பை ஓங்கித் தட்டிட்டாரு, அது மல்லாந்து விழுந்து, விட்டம் தெரிஞ்சுது. நான் அதையும் நிறுத்திட்டேன்.

பிரசங்கம் முடிஞ்சு பாட்டுக்கு எந்திரிக்கும்போது கனி இங்க வந்தா. மெதுவா, குனிஞ்சு, “சார், அக்கா படத்தைக் காணலியே?”ன்னா.

“நெட் போயிட்டும்மா. நீ போய் உக்காரு”ன்னேன்.

பொய்தான். இல்லங்கல. ஆனா நீங்களே சொல்லுங்க, திருவிருந்து ஆரம்பிக்கப் போற நேரத்துல, பிஷப் ஐயா நிக்கிற நேரத்துல, ஒரு பொம்பளை எந்திரிச்சு வாசலுக்கு ஓடினா நல்லாருக்குமா? நான் ஒழுங்குக்காகச் சொன்னேன்.

ஆராதனை முடிய பன்னெண்டரை ஆயிட்டு. அடுத்தது பந்தி. கனி மறுபடி வந்து நிக்கா. “சார், வீடு அஞ்சு நிமிஷம்தான். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருதேன்.” பிஷப் ஐயா அங்க கை கழுவிட்டு உக்காந்துட்டாங்க, மீன் குழம்புச் சட்டி இன்னும் அடுப்படியிலதான் இருக்கு. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், “அக்கா எங்க ஓடிரப் போறா? பரிமாறிட்டுப் போ.” பக்கத்துல நின்ன எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. சிரிச்சிட்டுத்தான் போனா.

என் போனை அப்போதான் திறந்து பார்த்தேன். ஒன்பது மிஸ்டு கால். எல்லாம் அந்தப் படுக்கைக்காரங்கதான். டேப்புக்குப் பின்னால என் நம்பர் இருக்குல்லா. மைக்கை ஏன் அடைச்சேன்னு சண்டை போடக் கூப்பிடுதாங்கன்னு நினைச்சு, பிஷப் ஐயா போனபிறகு பேசிக்கிடலாம்னு விட்டுட்டேன். அவங்க வீட்டு ஆளுகளையும் கூப்பிட்டிருக்காங்க. கோயிலுக்குள்ள போனை அணைச்சு வைக்கணும்னு நாந்தான திரையில போட்டிருந்தேன். பந்தியிலயும் யாரும் திறக்கல. நம்ம ஜனம் கீழ்ப்படிதலான ஜனம்.

கனி வீட்டுக்குப் போகும்போது ரெண்டு மணி.

கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல கிடந்தாங்களாம். கட்டில் காலுல மண்டை பட்டிருக்கு. அந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரத்தம் நிக்காதாம். பன்னெண்டு மணி வாக்குல உசுரு போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. சீக்கிரமாக் கொண்டு வந்திருந்தா ஒருவேளை, அப்படின்னு இழுத்தாரு. டாக்டருங்க எப்பவும் அப்படித்தான். ஒருவேளைன்னு ஒரு வார்த்தையைப் போட்டு வச்சிருவாங்க, கேக்கிறவன் காலம் பூரா அதைச் சுமக்கணும்.

நான் ஒண்ணும் செய்யாம இருக்கல. மறுநாள் அடக்க ஆராதனையை நானே நேரலையில விட்டேன். மூணு கேமரா. மேட்ரன்கிட்ட வளந்த ஹாஸ்டல் பிள்ளைக எங்கெங்கயோ இருக்குல்லா, கனடா, மஸ்கட், சிங்கப்பூர், அத்தனையும் பார்த்துச்சு. முந்நூத்திப் பன்னெண்டு பேரு. எங்க சேகரத்துல எந்த அடக்கத்துக்கும் அவ்வளவு பேரு பார்த்ததில்ல. கனிகிட்ட அதைச் சொன்னேன், ஒரு ஆறுதலுக்கு. அவ என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. 

அடுத்த வாரம் கமிட்டி. பர்னபாஸை ரெண்டு பேரு சக்கர நாற்காலியோட தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. ரெண்டு வருஷத்துல அவரு வீட்டை விட்டு வெளிய வந்தது அன்னைக்குத்தான். அவரு குழறிக் குழறிச் சொல்லச் சொல்ல, அவரு வீட்டம்மா எடுத்துச் சொல்லுதாங்க.

“அவ கூப்பிட்டா, நாங்க கேட்டோம்ங்காக.”

“நாங்க கத்தினோம்ங்காக.”

“இவன் எங்க வாயை அடைச்சான்ங்காக.”

அதுக்கு மேல அந்தம்மாவுக்குச் சொல்ல முடியல. அன்னைக்குக் கோயில்ல நின்னு அவங்களும் கையாட்டினவங்கதான? சேலையால முகத்தை மூடிக்கிட்டு உக்காந்துட்டாங்க. பர்னபாஸ் மட்டும் பேசிக்கிட்டே இருக்காரு, யாருக்கும் புரியல. பாஸ்டர் மேஜையையே பார்த்துக்கிட்டு இருக்காரு. நான் உபதேசியாரைப் பார்த்துச் சொன்னேன், நிகழ்ச்சிக் குறிப்புல ‘உறுப்பினர் கூறியது தெளிவாக இல்லை’ன்னு எழுதுங்கன்னு. உள்ளதைத்தான எழுதணும்?

பெறகு ஒருத்தன், பதிவைப் போட்டுக் காட்டுங்கன்னான். பதிவு இல்லன்னேன். மேட்ரன் கட்டத்தை மட்டும் நான் தனியாப் பிரிச்சு, அடக்கத்தன்னைக்கே அழிச்சிட்டேன். எதுக்கு? கனிக்காகத்தான். அவ கேட்டா தாங்குவாளா? அவமேல உள்ள இரக்கத்துலதான் அழிச்சேன்.

அழிக்கிறதுக்கு முன்னால ஒருதடவ கேட்டேன். கேக்காம எப்படி அழிக்கிறது. நான் மியூட் பண்ணின வரைக்கும், நாலு நிமிஷம். உங்ககிட்ட சொல்லுதேன், நீங்க வெளியூர். கனின்னு ஒன்பது தடவை கூப்பிடுதாங்க. பெறகு கனி கோயில்ல இருக்கான்னு ஞாபகம் வந்துதோ என்னவோ, என் பேரைச் சொல்லுதாங்க. “கோயில்பிள்ளை... கோயில்பிள்ளை, ஒனக்குக் கேக்குதா? கீழ விழுந்துட்டேன். கனியை அனுப்பு.” நல்ல தெளிவாத்தான் இருந்துது. நான் பாத்துப் பொறுக்கின டேப்புல உள்ள மைக் அப்படி, ரெண்டு ஆள் தூரத்துல முணுமுணுத்தாலும் பிடிச்சிரும்.

ஏன் அப்படிப் பாக்கிய? பிஷப் ஐயா பிரசங்கத்துல என் பேரு அப்படி ஓடினா எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் பதட்டத்துலதான் அமுக்கினேன்.

கமிட்டி ஒண்ணும் முடிவு பண்ணல. பண்ணவும் முடியாது. ஏன்னா அந்த மாசமே பிஷப் ஐயாவோட திருமண்டல இதழ்ல அட்டைப்படம் வந்துட்டு. பிஷப் ஐயா கையைத் தூக்கிக்கிட்டு நிக்காங்க, பின்னால சுவத்துல எல்லாரும் கையாட்டுதாங்க. அந்தப் படத்தைப் பார்த்துத்தான உங்க பாஸ்டரும் போன் பண்ணினாங்க? கறுப்புக் கட்டம் ஒண்ணு ஓரத்துல இருந்துது, அதை மட்டும் வெட்டிட்டு அனுப்பினேன்.

பர்னபாஸ் டேப்பைத் திருப்பிக் கொடுத்து விட்டுட்டாரு. அவரைப் பார்த்து மத்தவங்கள்லயும் நாலு பேரு. பாஸ்டரே பழையபடி வீட்டுக்கு வரணுமாம். எப்படி அண்ணாச்சி, அஞ்சு கோயிலை வச்சிக்கிட்டு? அஞ்சு டேப்பையும் வேற ஊரு கோயில்ல போட்டாச்சு. புதுசாவும் ஒன்பது வந்துது, இப்போ மொத்தம் பத்தொன்பது பேரு. வளந்துதான் இருக்கு, குறையல. ஒரு திருத்தமும் செஞ்சிருக்கேன். இப்போ அந்தப் பக்கத்துல இருந்து யாரும் மைக்கைத் திறக்க முடியாது. நான் இங்க இருந்து திறந்தாத்தான் உண்டு. உங்க கோயில்ல வைக்கும்போது முதல்லயே அப்படி வச்சிருங்க. நான் பட்ட பாடு நீங்க படக்கூடாது.

கனி கோயிலுக்கு வாரதில்ல. மேட்ரனோட டேப்பைத் திருப்பிக் கேட்டு ரெண்டு தடவை ஆள் அனுப்பினேன், தரல. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு என்ன செஞ்சா தெரியுமா? பாட்டு நடந்துக்கிட்டு இருக்கு, திடீர்னு சுவத்துல நவமணின்னு ஒரு கட்டம் திறக்கு. அந்த வெள்ளை நாற்காலி. யாரும் இல்ல. நாற்காலி மட்டும், நேரா, நடுவுல. பாடிக்கிட்டு இருந்தவங்க ஒருத்தொருத்தராப் பாட்டை நிறுத்திட்டாங்க. கடைசியில கீபோர்டு மட்டும் தனியா ஓடுது. நான் எடுத்து விடுறதுக்குள்ள எனக்கு உசுரு போயிட்டு.

அதுக்கு அப்புறம்தான் காத்திருப்பு அறைன்னு ஒரு வசதி இருக்கு, அதைப் போட்டேன். யாரு வந்தாலும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வர முடியும். இந்த மூலையில பேரு வரும். பச்சையை அமுக்கினா உள்ள விடும், சிவப்பை அமுக்கினா வெளிய அனுப்பும். கனி அந்த நவமணிங்கிற பேருலயே வாராவாரம் வாரா. அனுப்பினா மறுபடி வரும். ஒரு ஆராதனைக்குப் பன்னெண்டு தடவை, பதினஞ்சு தடவை. பேசமாட்டா, கேக்கமாட்டா, பேரு மட்டும் வந்து நிக்கும். பிரசங்கத்தைக் கேக்கவே முடியல அண்ணாச்சி, இதுலயே கண்ணு இருக்கு.

இந்தா, முதல் மணி அடிச்சிட்டாங்க. பாஸ்டர் சட்டையில மைக் மாட்டி விட்டுட்டு வரணும். ஒரு உதவி செய்யுங்க. வேற எங்கயும் போக வேண்டாம், இப்படி இந்த நாற்காலிக்கு மாறி உக்காந்து, இந்த மவுஸைப் பிடிச்சிக்கிடுங்க. மத்தவங்க பேரு வந்தா பச்சை. நவமணின்னு வந்தா சிவப்பு.

வந்துட்டு பாருங்க. அமுக்குங்க.